கழட்ட முடியாத மேசை

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு மேலே ஒரு சாப்பாட்டு மேசை தொங்கிக்கொண்டிருந்தது.

சின்ன மேசை என்று நினைக்காதீர்கள். எட்டுப் பேர் வசதியாக இருந்து சாப்பிடக்கூடிய தேக்கு மேசை. முன் கால்கள் இரண்டும் எங்கள் மூன்றாம் மாடி பெல்கனிக்கு உள்ளே. பின் கால்கள் இரண்டும் வெளியே, கடற்காற்றில். உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது... திரிசங்கு சொர்க்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான்.

கீழே ஒரு கல்யாண வான். வானுக்குள் தலைப்பாகையோடு ஒரு மாப்பிள்ளை. தலைக்கு மேலே தேக்கு மரம் தொங்கும்போது அதற்குக் கீழால் மாப்பிள்ளையைக் கொண்டுபோக எந்த டிரைவருக்குத் துணிவு வரும்? அவர் ஹோர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெல்கனியில் என் கணவர். கையில் அளவு நாடா. "கால்... காலைக் கணக்கில எடுக்கேல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு இவரைத் தெரியும். வேலை செய்த காலம் முழுக்கப் பாலம் கட்டிய எஞ்சினியர். பாலங்கள் எல்லாம் இன்றும் நிற்கின்றன, பயப்பட வேண்டாம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மேசைக்குக் கால் இருப்பதை எப்படி மறந்தார்? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

எல்லாம் மெல்பேர்னில் தொடங்கியது. அங்கே இருக்கிற எங்கள் மகள் துஷி, புது வீடு வாங்கிய நாளிலிருந்து வீட்டு அலங்காரம் பற்றிய வீடியோக்களாகப் பார்க்கிறாள். பார்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. எனக்கும் அனுப்புகிறாள். போன மாதம் வீடியோ கோலில் கதைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அம்மா, போனை ஒருக்கா ஹோல் பக்கம் திருப்புங்கோ" என்றாள்.

திருப்பினேன்.

"என்னம்மா இது? டிஸ்பென்சரியில மருந்துக்கு இருக்கிற இடம் மாதிரிக் கிடக்கு. வீட்டுக்கெண்டு ஒரு குணம், ஒரு கரெக்டர் வேணுமம்மா!"

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருடத்துக்கு முன் நாங்கள் சொந்தமாக வாங்கிய ஃப்ளாட் அல்லவா? கொஞ்சம் கோபத்தோடுதான் நானும் ஹோலைத் திரும்பிப் பார்த்தேன். சுவர் ஓரமாக ஆறு பிளாஸ்டிக் கதிரைகள். நடுவில் மடக்கு மேசை. அதற்கு மேலே டிவி. மூலையில் மடக்குக் கட்டில். "அடுத்தவர் வாங்கோ" என்று யாராவது கூப்பிட்டால் நானே எழும்பிப் போயிருப்பேன். பிள்ளை சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை.

கரெக்டர் இல்லாமல் போனதற்கு ஆள் யார்? வேறு யார்... இவர்தான்.

தளபாடம் வாங்கப் போனால் மற்றவர்கள் என்ன பார்ப்பார்கள்? நிறம், மரம், விலை. இவர் பார்ப்பது ஒன்றே ஒன்று. "கழட்டலாமோ?" தமிழ்க் கடையில் "கழட்டலாமோ?" சிங்களக் கடையில் "கலவன்ன புளுவன்த?" பெரிய ஷோரூமில் டை கட்டின பெடியன் வந்தால் அதையே இங்கிலீஷில். கழட்டலாம் என்றால்தான் அடுத்த பேச்சு. எங்கள் கட்டில் கழரும். அலுமாரி கழரும். புத்தகத் தட்டு கழரும். ஒருமுறை யாரும் கேட்காமலே கழன்றது.

அதோடு பெட்டிகள். ஃப்ரிஜ் வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, உடையாமல் வைக்கிற வெள்ளை ரெஜிபோம் துண்டுகளோடு அப்படியே அலுமாரிக்கு மேலே இருக்கும். அந்த மிக்ஸி செத்துப் பல காலம். பெட்டி மட்டும் நல்ல சுகம்.

அவரைக் குற்றம் சொல்லியும் வேலை இல்லை. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருக்காத ஒழுங்கை குறைவு. வீட்டுக்காரர் லண்டனில் இருந்து வருகிறாராம் - எழும்பு. வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணமாம் - எழும்பு. இடித்து மாடி கட்டப்போகிறார்களாம் - எழும்பு. போகிற இடமெல்லாம் முதல் நிபந்தனை ஒன்றுதான், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இப்படி இருந்தால் யாருக்குத்தான் கனமான சாமான் வாங்க மனம் வரும்?

ஆனால் இவருக்கு அது வாடகை வீட்டில் தொடங்கியது இல்லை. சின்ன வயதில் தெகிவளையில் இருந்தவர்கள். ஒரு ஆடி மாதக் கலவரத்தில் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தது. அதற்கு முதல் மாதம்தான் இவருடைய அப்பா ஆசையாக மெத்தை வைத்த ஒரு சிவப்பு செற்றி வாங்கிப் போட்டாராம். ஓடும்போது இவர், "அப்பா, செற்றி?" என்று கேட்டிருக்கிறார். "பிறகு வந்து எடுப்பம்" என்றாராம் அப்பா. பிறகு எங்கே? அங்கே வீடும் இல்லை, செற்றியும் இல்லை. வளர்ந்த பிறகு யாழ்ப்பாணத்தில் சண்டைக்குள் இன்னொரு தரம் ஓட்டம், சைக்கிளில் ஒரு சூட்கேஸோடு. இவருடைய அகராதியில் தளபாடம் என்றால் விட்டுவிட்டு வருகிற சாமான். இதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானாக விளங்கிக்கொண்டது. விளங்கியபடியால்தான் இவ்வளவு காலமும் மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டேன்.

ஆனால் இப்போது சொந்த வீடு. உறுதிப் பத்திரம் எங்கள் பெயரில். யாரும் எழும்பு என்று சொல்லப்போவதில்லை. மார்கழியில் துஷி பிள்ளைகளோடு வருகிறாள். அவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் இருத்திச் சாப்பாடு போட வேண்டும், இந்த வீட்டில் நாங்கள் இருக்கத்தான் வந்திருக்கிறோம் என்று அந்த மேசை சொல்ல வேண்டும்... இதுதான் என் ஆசை. பேராசையா, சொல்லுங்கள்?

அந்த நேரம் பார்த்துத்தான் கொட்டாஞ்சேனையில் இருந்து பிலோமினா கோல் எடுத்தாள். என்னோடு ஒன்றாகப் படிப்பித்தவள். பழைய பெரிய வீட்டைக் கொடுத்துவிட்டு ஹெந்தளையில் மகனோடு இருக்கப் போகிறாள்.

"ராஜி, எங்க சாப்பாட்டு மேசை மகன் வீட்டுக்குள்ள கொள்ளாது. தெரியாதவங்களுக்குக் குடுக்க மனசு இல்ல. நீங்க எடுத்துக்கிறீங்களா?"

அந்த மேசையில் நான் எத்தனை கிறிஸ்மஸ் கேக் சாப்பிட்டிருக்கிறேன்! அன்று பின்னேரமே இவரை இழுத்துக்கொண்டு த்ரீவீலரில் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

இவர் மேசையை மேலால் பார்க்கவில்லை. நேரே முழங்காலில் இருந்து, தவழ்ந்து, மேசைக்குக் கீழே போய்விட்டார். போன் டோர்ச்சை அடித்து மூலைமூலையாகத் தேடினார். சேர்ச்சில் கூட யாரும் அவ்வளவு நேரம் முழங்காலில் நின்றிருக்க மாட்டார்கள். கடைசியில் கீழே இருந்து குரல் வந்தது.

"இதில எங்க ஸ்க்ரூ இருக்கு?"

"ஸ்க்ரூவா?" என்றாள் பிலோமினா. "ஸ்க்ரூவெல்லாம் கிடையாது. எங்க மாமனார் மரம் எடுத்து, வீட்டிலயே ஆள் வச்சுச் செஞ்சது. கழட்டுறதுக்கா மேசை செய்வாங்க?"

இவர் வெளியே வந்தார். முகத்தில் துக்கவீட்டுக் களை. "இது ஒரே துண்டு" என்றார் என்னிடம், ரகசியமாக.

"ஓம். அதுதானே வடிவு."

"கழட்டேலாது எண்டு சொல்லுறன்."

"எனக்கு வேணும்" என்றேன்.

கல்யாணம் செய்த காலத்திலிருந்து நான் அந்தக் குரலில் கதைத்தது இரண்டு மூன்று தரம்தான். இவர் அளவு நாடாவை எடுத்தார். மேசையை அளந்தார். வீட்டுக்கு வந்து லிஃப்டை அளந்தார். மாடிப்படித் திருப்பத்தை அளந்தார். அளக்க அளக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"லிஃப்டுக்குள்ள போகாது. படியால திரும்பாது" என்றார், ஒரு சந்தோசத்தோடு. "இல்லாட்டி எனக்கு என்ன? ஏறுமெண்டால் நீர் வைச்சிரும். நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

ஏறாது என்று தெரிந்த பிறகு வருகிற பெருந்தன்மை இருக்கிறதே, அதற்கு அளவே கிடையாது.

நான் விடவில்லை. ஒழுங்கை முனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிற, எல்லோருக்கும் அண்ணனான நிஸ்தார் நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கடை வாசலில் நின்று எங்கள் மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"பெல்கனி ஈக்கி தானே டீச்சர்? மொட்டை மாடியில கப்பி கட்டினா மேசை என்ன, லொறியையும் தூக்கலாம்" என்றார். நானாவின் 'ஈக்கி' எங்களுக்கு 'இருக்கு'.

இப்போது பெல்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஃப்ளாட்டை வாங்கியவுடன் இவர் செய்த முதல் வேலை, பெல்கனிக்குக் கிரில் போட்டது. சிறைச்சாலைக்குப் போடுகிற தடிப்பு. அதில் ஆள் உயரத்துக்கு ஒடுக்கமாக ஒரு கதவும் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "அவசரத்துக்கு" என்றார். மூன்றாம் மாடியில் இருந்து அவசரமாக எங்கே இறங்குவது என்று நான் கேட்கவில்லை. தாம்பத்தியத்தில் சில கேள்விகளைக் கேட்காமல் விடுவதும் ஒரு திறமை.

நானாவின் யோசனையைச் சொன்னதும் இவர் மனமில்லாமல் நாடாவோடு போய் அந்தக் கதவை அளந்தார். கடதாசியில் படம் கீறினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் கீறினார். மலர்ந்த முகம் வாடியது. ஆனால் மனிதர் அளவில் பொய் சொல்ல மாட்டார். "செங்குத்தாப் பிடிச்சால்... போகும்" என்றார்.

போகும் என்றார். நம்பினேன். எஞ்சினியர் சொல்லை நம்பாமல் யார் சொல்லை நம்புவது?

ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் இருந்து லொறியில் மேசை வந்து இறங்கியது. நானாவின் கடை ஆட்கள் இரண்டு பேர் மொட்டை மாடியில். நானா கீழே. இவர் பெல்கனியில் டைரக்‌ஷன். மேசை மெல்ல மெல்ல எழும்பியது. ஒழுங்கை முழுக்க வெளியே வந்துவிட்டது. எதிர்வீட்டு பெல்கனியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை எடுக்காமலே ஆலோசனை சொன்னார். "வமட்ட! வமட்ட!" என்று இடப்பக்கம் காட்டிச் சிங்களத்தில் ஒரு குரல். "இல்லையில்லை, வலப்பக்கம்!" என்று இன்னொரு குரல். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, "கயிறு மெல்லிசாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அறுவதைப் பார்க்காமல் போக மனம் வராமல் நின்றுவிட்டார்.

மேசை எங்கள் மாடிக்கு வந்தது. திருப்பினார்கள். பலகை கிரில் கதவுக்குள் கத்தி போல நுழைந்தது. முன் கால்கள் இரண்டையும் ஒருமாதிரிச் சரித்து உள்ளே எடுத்தோம். இவர் என்னைப் பார்த்து, 'பார்த்தீரா, என் கணக்கை' என்பதுபோலத் தலையாட்டினார்.

டக்.

பின் கால்கள் இடித்தன. சரிப்பதற்கு அந்தரத்தில் இடம் இல்லை. தள்ளினால் வராது. இழுத்தால் முன் கால்கள் மாட்டுகின்றன.

"என்ன நடந்தது?" என்றேன்.

"கால்" என்றார்.

"கால் இருக்கும்தானே! அளக்கேல்லையோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "கால் எப்பவும் வேற பெட்டியிலதானே வாறது..."

இதுதான் நடந்தது. இத்தனை வருடமாகக் கழட்டிய மேசைகளை மட்டுமே அளந்த மனிதர் இவர். பலகைக்கு ஒரு அளவு. காலுக்கு வேறு அளவு. காலும் பலகையும் பிரியாமல் ஒன்றாகவே வரும் என்பது அவர் மூளையில் இல்லை. சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் மேசையின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அந்தக் கல்யாண வான் வந்தது.

வானில் இருந்து மாப்பிள்ளையின் மாமா இறங்கினார். பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் மணிக்கூடு. "ஆற்ற மேசை இது? முகூர்த்தம் தப்பப் போகுது!" என்று மேலே பார்த்துக் கத்தினார்.

"உள்ளுக்கை வருகுதில்லை!" என்று நான் கத்தினேன்.

"அப்ப இறக்குங்கோ!"

"இறங்கவும் மாட்டாதாம்!"

மாமா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு வானுக்குள் எட்டி, "டேய், எல்லாரும் இறங்குங்கோடா" என்றார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலைந்து பெடியன்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள், கயிற்றைப் பிடிக்க. மாப்பிள்ளைத் தோழன் தன் தலைப்பாகையைக் கழற்றி மாப்பிள்ளையின் மடியில் வைத்துவிட்டு ஓடினான். மாப்பிள்ளை இரண்டு தலைப்பாகைகளோடு தனியே இருந்தார். பாவம், இறங்கவும் முடியாது, ஏசவும் முடியாது. அவருடைய நிலைமையும் எங்கள் மேசையின் நிலைமையும் ஒன்றுதான்.

நானா ஆள் அனுப்பி, அந்தக் கிரில்லைச் செய்த இரும்பு வேலைக்காரர் சுனில் பாஸையே கூட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமை நித்திரையில் இருந்து எழும்பி வந்த கோபம் முகத்தில். கட்டரை எடுத்தார். 'கிர்ர்' என்று கம்பி கம்பியாக வெட்டினார். வெட்டு ஒவ்வொன்றுக்கும் இவர் பல்லைக் கடித்தார். கதவுக்குப் பக்கத்துக் கம்பிகள் விழுந்ததும், பெடியன்கள் மேலே தூக்க, நாங்கள் உள்ளே இழுக்க, மேசை ஒரு பெருமூச்சோடு ஹோலுக்குள் வந்து நின்றது. பெருமூச்சு மேசையுடையது இல்லை, என்னுடையது.

கீழே கைதட்டல். வான் புறப்பட்டது. அந்த மாப்பிள்ளை ஜன்னலால் கையைக் காட்டிக்கொண்டு போனார். முகூர்த்தம் தப்பவில்லை என்று பிறகு நானா விசாரித்துச் சொன்னார். தம்பி, நீ எங்கே இருந்தாலும் நல்லாயிரு.

இனிச் சுபம் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மேசை ஹோலை நிறைத்துக்கொண்டு நின்றது. பெல்கனியில் பெரிய ஓட்டை. சுனில் பாஸ் வெல்டிங் மெஷினைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வெட்டிய கம்பிகளைப் பொறுக்கினார். அப்போது இவர் கடதாசியும் பேனையுமாக அவரிடம் போனார்.

"பாஸ், வெல்ட் பண்ண வேண்டாம். இந்தத் துண்டு முழுக்க ஒரு பெரிய கதவாச் செய்வம். இதில திறந்து மூட மூண்டு பிணைச்சல். இதில கொண்டி. ஒரு ஆமைப்பூட்டு."

எனக்குத் தலைக்குள் சூடு ஏறியது. "எதுக்கு?"

"மேசையை வெளியில எடுக்க வேண்டி வந்தால்?"

"ஏன் எடுக்க வேண்டி வரும்?"

"ஒரு கதைக்குச் சொல்லுறன். வழி ஒண்டு இருந்தால் என்ன குறைஞ்சு போகுது?"

"வழி இருந்தால் நீங்கள் அதையே பாத்துக்கொண்டு இருப்பியள்" என்றேன். "மேசையில இருந்து சாப்பிட மாட்டியள். இஞ்சருங்கோ, இது எங்கட வீடு. இந்த மேசை வெளியில போற வழி எனக்கு வேண்டாம்."

குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. இவர் கடதாசியில் கீறிய பிணைச்சல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். சுனில் பாஸ் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். சண்டை எந்தப் பாஷையில் நடந்தாலும் புருசன் பெண்சாதிச் சண்டை எல்லோருக்கும் விளங்கும்.

"மஹத்தயாவும் நோனாவும் பேசி முடிங்க" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். "பின்னேரம் எனக்குப் பிக்குமாருக்குத் தானம் குடுக்கிற வீடு ஒண்ணு போகணும்."

பேசி முடிக்க முதல் சாப்பாடு போட்டேன். சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு. வேலை செய்தவர்களைப் பசியோடு அனுப்ப முடியுமா? பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துத் தேக்கு மேசையைச் சுற்றிப் போட்டேன். பட்டு வேட்டி கட்டி ரப்பர் செருப்புப் போட்ட மாதிரித்தான் இருந்தது. இருந்தால் என்ன? நானா இருந்தார், அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள், சுனில் பாஸ் இருந்தார். நானும் இருந்தேன்.

இவர் கோப்பையை வாங்கிக்கொண்டு போய், வழமை போலச் சுவர் ஓரக் கதிரையில் இருந்து, கோப்பையை மடியில் வைத்துக் குழைக்கத் தொடங்கினார்.

நானா திரும்பிப் பார்த்தார். "சேர்... மேசை இங்க ஈக்கி."

எல்லோரும் சிரித்தார்கள். இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழும்பிக் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து மேசைத் தலைமாட்டில் போட்டார். கோப்பையை மேசையில் வைத்தார். இரண்டு முழங்கைகளையும் ஊன்றினார். பிறகு என்ன சாப்பிட்டார் தெரியுமா? வழமையில் கால் வயிறும் சாப்பிடாத மனிதர், மூன்று தரம் சோறு கேட்டார். மடியில் வைத்துச் சாப்பிடும்போது கோப்பை சரியும் என்று பயந்து பயந்துதான் இவ்வளவு காலமும் குறைவாகச் சாப்பிட்டாராம். என் சமையலில்தான் குறை என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேனே!

சாப்பிட்டு முடித்தும் அவர் எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை எடுத்து முழுதாக விரித்தார். மடிக்காமல், இரண்டு பக்கமும் விரித்து. பக்கத்தில் தேத்தண்ணீர். அதற்குப் பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கூடு. எதிர்ப்பக்கத்தில் நானா சாய்ந்திருந்து கிரிக்கெட் பற்றிக் கதைத்தார். இவர் பேப்பர் வாசித்தபடியே ஒரு கையால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். தடவுவது அவருக்கே தெரியவில்லை. நான் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் போன் அடித்தது. பிலோமினா. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ராஜி, லொறிக்காரப் பையன் எல்லாம் சொன்னான். கிரில்லக் கூட வெட்டிட்டீங்களாமே! எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. நான் மகன்கிட்டப் பேசிட்டேன். போர்டிகோவில போட்டுக்கலாம்னு சொல்றான். இப்பவே லொறி அனுப்புறேன். ஓட்டை இருக்கிறப்பவே இறக்கிடலாம். உங்க வீட்டுக்காரருக்கு வேற கஷ்டம் வேணாம்."

அவள் நல்ல மனதோடுதான் சொல்கிறாள். ஆனால் இவருக்கு இதைவிட நல்ல வழி கிடைக்குமா? பிணைச்சல் கூடத் தேவையில்லை. ஓட்டை திறந்திருக்கிறது, லொறி வருகிறது, மேசைக்குப் போக வேறு இடமும் இருக்கிறது. வேண்டாம் என்று நானாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் திறக்கவில்லை. இவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இவர் பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தினார். எழும்பி வந்து என் கையில் இருந்த போனை வாங்கினார். தொண்டையைச் செருமினார்.

"பிலோமினா... இனி ஏலாது. வெல்ட் பண்ணியாச்சு."

சுனில் பாஸ் வெற்றிலையைச் சப்பியபடி, ஓட்டைக்குப் பக்கத்தில் சும்மா இருந்தார். வெல்டிங் மெஷினின் வயரைக் கூட இன்னும் செருகவில்லை.

"அப்படியா? முடிச்சிட்டீங்களா?" என்றாள் பிலோமினா.

"ஓம் ஓம். நல்ல இறுக்கமா. இனிக் கடவுளே வந்தாலும் எடுக்கேலாது."

"நல்லதாப் போச்சு! எனக்கும் அத மழையில வைக்க மனசே இல்ல" என்றாள். உண்மையான சந்தோசம் குரலில் தெரிந்தது.

போனை என்னிடம் தந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிணைச்சல் கீறிய கடதாசியை மடித்து, தேத்தண்ணீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார், மேசையில் வட்டம் விழக் கூடாதாம். பிறகு அவசர அவசரமாகச் சுனில் பாஸிடம் போனார்.

"பாஸ், இக்மன் கரன்ன! கெதியா வெல்ட் பண்ணும். அந்தக் கதவையும் சேர்த்து அடையும். லொறி வெளிக்கிட்டாலும் வெளிக்கிடும்."

தீப்பொறி பறந்தது. வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கலங்கும் என்பார்கள் - பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்த எங்கள் இரண்டு பேருக்கும் அது நல்ல சாட்டாகப் போயிற்று.